காய்ந்த பிறகு பாருங்கள்

கல் வெட்டிப் பழக வேண்டும் என்று வருகிறவர்கள் பெரும்பாலும் கடைசிப் படியைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். எந்தப் பொடியைப் போட்டுத் தேய்த்தால் மினுக்கம் வரும்? தோலில் தேய்ப்பதா, துணியில் தேய்ப்பதா? சந்திரகாந்தக் கல்லின் அந்தப் பால்நீல ஒளி எந்தச் சக்கரத்தில் பிறக்கிறது? கேட்பதில் தவறில்லை. ஒளிக்கு ஆசைப்பட்டுத்தான் மனிதன் கல்லைக் கையில் எடுத்தான். ஆனால் கல்லோடு நாள்பட்டுப் பழகியவர்கள் இந்தக் கேள்விக்கு நேரே பதில் சொல்வதில்லை. "அதுக்கு இன்னும் நேரமிருக்கு, முதல்ல உருவத்தை எடுங்க" என்பார்கள். அதற்குமேல் விளக்கமும் தரமாட்டார்கள். அந்த விளக்கத்தைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

நான் இருப்பது கினிகத்தேனையில். அவிசாவளையில் தொடங்கிக் கித்துல்கலை வழியாக ஹட்டனுக்கு ஏறும் ஏ7 வீதியில், புழுக்கம் குறைந்து தேயிலை தொடங்குகிற இடம். தென்மேற்குப் பருவமழை மலையில் மோதி முதலில் கொட்டுவது எங்கள் பக்கம்தான். அருகிலுள்ள வட்டவளை இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. கெஹெல்கமு ஓயாவும் மஸ்கெலியா ஓயாவும் இந்தச் சரிவுகளில் இறங்கிப் போய்த்தான் களனி கங்கை ஆகின்றன. மழை விட்ட பொழுதில் ஓயாக்கரைக்குப் போனால் அங்கே கிடக்கிற கூழாங்கல் ஒவ்வொன்றும் விலைமதிப்புள்ளதாகத் தெரியும். வெள்ளைக் கல்லுக்குள் பனி நிற்கும், பழுப்புக் கல்லுக்குள் தேன் நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் பரப்பிவையுங்கள். அரை மணி நேரத்தில் எல்லாம் சாம்பல் பூத்த வெறும் கல்.

பேருவளையிலிருந்து கல் வியாபாரத்துக்கு மலைப்பக்கம் வந்துபோகும் ஒரு நானா இதைத்தான் எனக்கு முதல் பாடமாகச் சொன்னார். நான் தேய்த்து முடித்து, தண்ணீரில் அலசி, பெருமையோடு நீட்டிய கல்லை அவர் வாங்கிப் பார்க்கவே இல்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார். "தம்பி, தண்ணியோட பாத்தா எல்லாக் கல்லும் நல்ல கல்லுதான். தொடச்சு, காஞ்ச பொறகு பாருங்க."

காரணம் எளியது. தேய்த்த பரப்பில் ஆயிரம் நுண்கீறல்கள் இருக்கும். அவற்றில் படும் வெளிச்சம் சிதறிப்போவதால்தான் கல் மங்கலாகத் தெரிகிறது. தண்ணீர் அந்தக் கீறல்களை நிரப்பி மேலே ஒரு வழுவழுப்பான படலமாகிவிடும். ஒளி சிதறாமல் உள்ளே போய்த் திரும்பும். நாம் காண்பது தண்ணீரின் பளபளப்பு. கல்லுடைய நிலை தண்ணீர் காய்ந்த பிறகே தெரியும். வீட்டில் கல் வெட்டப் பழகுகிறவர் மனத்தில் பதிக்க வேண்டிய முதல் விதி இதுதான். சக்கரமும் பொடியும் விலைக்குக் கிடைக்கும், ஆனால் ஈரத்தில் திருப்திப்படாத கண்ணை அவரவரேதான் பழக்கிக்கொள்ள வேண்டும்.

நாம் நிற்கிற மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். மத்திய மலைநாட்டின் பாறைகள் 50 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பூமிக்குள் வெந்து, நசுங்கி, உருமாறியவை. நீலக்கல், புட்பராகம், ஸ்பினல், கார்னட், சந்திரகாந்தம் என்று இந்தத் தீவு உலகுக்குத் தந்த கற்களில் பெரும்பாலானவற்றுக்குத் தாய்மடி இப்படி உருமாறிய பாறைகளே. மழையில் பாறை உக்கிக் கரையும்போது கனமான மணிகள் பள்ளத்தாக்கின் சரளைப் படையில் தங்கிவிடுகின்றன. களிமண்ணுக்குக் கீழே இருக்கும் அந்தப் படையைத்தான் குழி தோண்டுகிறவர்கள் இல்லம் என்கிறார்கள். மலைமுகட்டின் அந்தப் பக்கம் இரத்தினபுரி, மேலே ஏறினால் பொகவந்தலாவை. இரண்டும் மாணிக்கம் தோண்டும் ஊர்கள். நடுவே தேயிலைத் தோட்டங்களில் வாழும் நாம் தலைமுறை தலைமுறையாக மண்ணின் மேல்தோலோடு மட்டுமே உறவு வைத்திருந்தோம். கொழுந்து நம் கைக்கு வந்தது, கல் வரவில்லை. ஓயாவில் இறங்கி மாணிக்கம் தேட அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதும் நினைவிருக்கட்டும். 1993ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டப்படி அமைந்த தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைதான் அதை வழங்குகிறது. நான் பேசுவது அந்தத் தொழிலைப் பற்றியல்ல. கரையில் கிடக்கும் ஒரு பளிங்குக் கூழாங்கல்லை, அல்லது கடையில் சில நூறு ரூபாய்க்கு வாங்கும் ஒரு துண்டு அகேட்டை, வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து ஒரு உருவத்துக்குக் கொண்டுவருவது பற்றி.

அந்த உருவத்துக்கு உலகச் சந்தையில் கெபோஷோன் என்று பெயர். அடி தட்டை, மேலே குமிழ். பல முகங்களாகப் பட்டை வெட்டும் கலை ஐரோப்பாவில் 14, 15ஆம் நூற்றாண்டுகளில் வளர்வதற்கு முன்பு மணிகளும் மோதிரக் கற்களும் பெரும்பாலும் இப்படித்தான் உருட்டி வழுவழுப்பாக்கப்பட்டன. இன்றைக்கும் வைடூரியத்தையும் நட்சத்திர நீலத்தையும் சந்திரகாந்தத்தையும் இந்த வடிவத்தில்தான் வெட்டுகிறார்கள். பட்டைக்கல்லுக்குக் கோணம் அளக்கும் கருவி வேண்டும். இதற்குக் கையும் கண்ணும் போதும். அதனால் இது தொடங்குகிறவனின் வடிவம். அனுபவசாலிகள் இதை ஒருநாளும் எளியது என்று சொல்வதில்லை. பட்டைக்கல்லில் ஒரு முகம் பிசகினால் மற்ற முகங்களின் மினுக்கம் அதை ஓரளவு மறைக்கும். குமிழில் மறைத்துக்கொள்ள இடமே இல்லை.

வேலையைச் சொல்கிறேன். கல்லை ஒரு சென்டிமீற்றருக்குள்ளான தடிப்பில் பலகைபோல் வெட்டி எடுத்த பிறகு அடிப்பக்கத்தில் நீள்வட்டம் வரைய வேண்டும். பேனாவால் வரைந்தால் தண்ணீரில் போய்விடும், அலுமினியக் கம்பியின் முனையால் கீறினால் அழியாது. முதல் கல்லுக்கு 40க்கு 30 மில்லிமீற்றர் நல்ல அளவு. சின்னக் கல் சுலபம் என்று நினைக்க வேண்டாம், சின்னக் கல் விரலுக்கு அடங்காது. கோட்டுக்குச் சற்று வெளியே வரை அரைத்து ஓரத்தைச் சீராக்குங்கள். பிறகு ஒரு குச்சியின் நுனியில் அரக்கை உருக்கிக் கல்லின் அடிப்பக்கத்தை ஒட்டவைக்க வேண்டும். கல்லையும் மெதுவாகச் சூடாக்காவிட்டால் அரக்கு பிடிக்காது, திடீரென்று சூடாக்கினால் கல் வெடிக்கும். சந்திரகாந்தம் இதில் மிகவும் பொல்லாதது. அதன் உள்ளே இயற்கையாகவே இரண்டு திசைகளில் பிளவுத்தளங்கள் இருப்பதால் சூட்டுக்கும் தட்டுக்கும் தாங்காது. அதற்கு அரக்கை விட்டுவிட்டு சுப்பர் குளூ போட்டு ஒட்டுவதே நல்லது.

குமிழ் எடுப்பதற்கு ஒரு முறை உண்டு. நேரே வளைவாக அரைக்கப் போகக்கூடாது. முதலில் ஓரத்தைச் சுற்றிச் சாய்வாக ஒரு வரம்பு, அதற்கு மேலே இன்னும் படுத்த சாய்வில் இன்னொரு வரம்பு, இடையில் நிற்கும் முனைகளை உருட்டி உருட்டிக் கரைத்தால் வளைவு தானாக வரும். கல் சக்கரத்தில் படும்போது ஒரு கணமும் ஓரிடத்தில் நிற்கக்கூடாது. மணிக்கட்டு தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். அநேகமாக எல்லாருடைய முதல் கல்லிலும் உச்சியில் ஒரு தட்டை இடம் மிஞ்சும். விரலால் தடவினால் அது அகப்படாது. துடைத்துவிட்டு டியூப் லைட்டுக்குக் கீழே பிடித்து மெல்லத் திருப்புங்கள். விளக்கின் நீளக்கோடு கல்லின் மேல் விழுந்து வழுக்கிக்கொண்டே போகும். வளைவு சரியென்றால் அந்தக் கோடு நெளியாமல் ஊர்ந்து மறுகரையில் இறங்கும். எங்காவது தட்டையோ மேடோ இருந்தால் அங்கே சட்டென்று அகலும், அல்லது உடைந்து துள்ளும். நான் இந்த வேலையில் மிகவும் நேசிப்பது இந்தச் சோதனையைத்தான். பொய் சொல்லாத ஒரு கோடு.

மோட்டர் வாங்க வசதியில்லாதவர் விட்டுவிட வேண்டியதில்லை. பெயின்ட் வேலைக்காரர்கள் பாவிக்கும் வோட்டர் பேப்பர் கடைத்தெருவில் எங்கும் கிடைக்கும். அதிலுள்ளது சிலிக்கன் கார்பைடு மணல். 1812இல் பிரெடரிக் மோஸ் வகுத்த கடின அளவில் பளிங்கும் அகேட்டும் 7 என்ற படிக்கு அருகில் நிற்பவை. சிலிக்கன் கார்பைடு 9க்கு மேல் இருப்பதால் அவற்றை அறுக்கும். ஒரு கண்ணாடித் தட்டின் மேல் தாளை விரித்து, தண்ணீர் தெளித்து, 80, 220, 400, 600, 1,200 என்று ஏறிப் போகலாம். எண் ஏற ஏற மணல் பொடியாகிறது. கடைசியில் தோல் துண்டில் சீரியம் ஒக்சைட்டைக் குழைத்துத் தேய்த்தால் மினுக்கம் வரும். நேரம் எடுக்கும், மாலைப் பொழுதுகள் பல போகும், ஆனால் வரும். நீலக்கல்லையும் சிவப்புக்கல்லையும் மட்டும் இப்படித் தொட நினைக்க வேண்டாம். அவை சேர்ந்த குருந்த இனத்தின் கடினம் 9. அதற்கு வைரத்தூள் பதித்த சக்கரமே வேண்டும்.

இந்த எண் வரிசையை மறுபடியும் பாருங்கள், 80, 220, 400, 600, 1,200. கல்லை மினுக்கும் வேலை எந்தப் படியில் நடக்கிறது? எந்தப் படியிலும் இல்லை. 80ஆம் எண் மணல் கல்லுக்கு உருவம் தருகிறது, கூடவே ஆழமான கீறல்களையும் தருகிறது. 220இன் வேலை அந்தக் கீறல்களை முழுவதுமாக எடுத்துவிட்டுத் தன்னுடைய சின்னக் கீறல்களை விட்டுப் போவது. 400 வந்து 220 விட்டதை எடுக்கும். இப்படியே ஒவ்வொரு படியும் தனக்கு முன்னால் நடந்த காயத்தை ஆற்றுகிறது. அதைத் தவிர அதற்கு வேறு வேலை இல்லை. கடைசிப் பொடி எடுப்பதோ மிக மிக மெல்லிய கீறலை மட்டும். 1,200இல் இருக்க வேண்டிய கீறல்தான் அதன் வலுவுக்கு உட்பட்டது. 80இன் கீறல் ஒன்று தப்பி அங்கே வந்து சேர்ந்திருந்தால் அந்தப் பொடியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. இன்னும் சொல்லப்போனால் அதைப் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். மங்கலான பரப்பில் ஒரு கீறல் தெரியாது. கண்ணாடியான பரப்பில் அது ஒன்றுதான் தெரியும்.

அதனால்தான் நானா நீட்டியது துண்டு. ஒவ்வொரு படி முடிந்ததும் கழுவி, துடைத்து, காயவிட்டு, சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். முந்திய படியின் கீறல் ஒன்றாவது மிஞ்சியிருந்தால் அடுத்த படிக்குப் போகக்கூடாது. இரண்டு படி தாண்டிய பிறகு தெரிய வந்தால் இரண்டு படி இறங்க வேண்டும். இறங்குவது மனத்துக்குக் கசக்கும். ஏறக்குறைய முடிந்துவிட்ட, பாதி மினுங்கும் கல்லை மறுபடி 220இல் வைப்பது, துவைத்து மடித்த சட்டையைச் சேற்றில் போடுவதுபோல் இருக்கும். ஆனால் வேறு வழி கிடையாது. மேலே இருந்துகொண்டே ஆழத்துக் கீறலை எடுக்கும் பொடி எதுவும் உலகத்தில் இல்லை.

காலமும் அதை எடுக்காது. எங்கள் ஊருக்குப் பக்கத்து அம்பகமுவையில் ஒரு பாறைக் கல்வெட்டு இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் ஆளத் தொடங்கிய முதலாம் விஜயபாகு மன்னன் சிவனொளிபாத மலைக்குப் போகும் யாத்திரிகர்களுக்குச் செய்த ஏற்பாடுகளைச் சொல்லும் சிங்களக் கல்வெட்டு. இலங்கையின் மிகக் கனத்த மழை தொள்ளாயிரம் வருடமாகக் கொட்டுகிற மலைப்பகுதி இது. எழுத்து நிற்கிறது.

படிகளின் வரிசையையும் காலம் மாற்றவில்லை. தமிழ்நாட்டில் நொய்யல் ஆற்றங்கரையில் கொடுமணல் என்று ஓர் ஊர். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருவது அதுவே என்பார்கள். பேராசிரியர் கா. ராஜன் போன்றோர் அங்கே நடத்திய அகழாய்வுகளில் பளிங்கு, பச்சைக்கல், சூதுபவளம் போன்றவற்றில் செய்த மணிகள் கிடைத்தன. முடிந்த மணிகளோடு அரைகுறை மணிகளும் கிடைத்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. சில்லு எடுத்த நிலையில் சில, உருட்டிய நிலையில் சில, துளைபோடும் முன்பே நின்றுபோனவை சில. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு அந்த ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தவர்கள் இதே படிகளை இதே வரிசையில் ஏறியிருக்கிறார்கள். மின்சாரம் வந்தது, வைரச் சக்கரம் வந்தது, வேகம் கூடியது. படி ஒன்றுகூடக் குறையவில்லை.

இலங்கையில் அந்தக் காலத்தில் கல் வெட்டியவர்கள் வில்லால் இழுத்துச் சுழற்றும் சக்கரத்தைப் பாவித்தார்கள். ஹனபொருவ என்று சிங்களத்தில் அதற்குப் பெயர். தரையில் உட்கார்ந்து ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுக்க, நிமிர்ந்து நிற்கும் தட்டு முன்னும் பின்னும் சுழலும். மறுகை கல்லைப் பிடித்திருக்கும். வில் இழுக்கும் கையும் கல் பிடிக்கும் கையும் ஒருவனுடையதே என்பதால் அவசரப்பட வழியில்லை. இப்படிப்பட்ட கைகளைக் கவனித்த ஆனந்த குமாரசாமி இந்தத் தீவுக்குத் திரும்பி வந்தது கற்களைத் தேடித்தான். இலங்கைக் கனிமவள ஆய்வின் முதல் பணிப்பாளர் அவர். தோரியனைட் என்ற கனிமத்தை 1904இல் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர். ஆனால் அவர் பெயரை நிலைநிறுத்தியது, கற்களோடு நின்றுவிடாமல் கைவினைஞர்களின் கைகளை நிமிர்ந்து பார்த்து, அவர்களைப் பற்றி 1908இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல். கனிமம் அறிந்தவர் கையை மதித்தார் என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான செய்தி.

கல்லின் உள்ளே இருக்கும் குறை வேறு, நாம் மேலே போடும் கீறல் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடாது. நட்சத்திர நீலத்துக்குள் ரூட்டைல் என்ற கனிமம் தலைமுடியைவிட நுண்ணிய ஊசிகளாக மூன்று திசைகளில் விரவிக் கிடக்கிறது. பட்டைக்கல் வெட்டுகிறவனுக்கு அது குறை, கல்லை மங்கலாக்குகிற மூட்டம். அதே கல்லைப் படிகத்தின் நீள அச்சுக்குச் செங்குத்தாக அடிவைத்துக் குமிழாக வெட்டினால், ஒற்றை விளக்கின் கீழே ஆறு கதிர்கள் உச்சியில் கூடும். அடி சாய்ந்துவிட்டால் நட்சத்திரமும் ஓரமாகச் சரிந்துவிடும். நியூயோர்க்கின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கும் 563.35 கரட் எடையுள்ள ஸ்டார் ஒஃப் இந்தியா என்ற நட்சத்திர நீலத்துக்குப் பெயரில்தான் இந்தியா, மண் இலங்கையுடையது. அதுவும் குமிழ்க்கல்தான்.

அந்த மூட்டத்தைப் படிக்கத் தெரியாமல் இந்த நாடு ஒரு காலத்தில் பெரிய விலை கொடுத்தது. பால்போல் மங்கிய குருந்தக் கற்களைக் கெவுட என்று ஒதுக்கி மலிவாக விற்றார்கள். 1970களில் தாய்லாந்து வணிகர்கள் அவற்றை அள்ளிச் சென்று 1,500 பாகை செல்சியசுக்கும் மேலான சூட்டில் வைத்தார்கள். ரூட்டைல் கரைந்தது, அதிலிருந்த டைட்டேனியம் இரும்போடு சேர்ந்து கல்லுக்குள்ளேயே நீலமாகப் பரவியது. ஒதுக்கப்பட்ட கல் நீலக்கல்லாகச் சந்தைக்கு வந்தது. ஆக, கல்லோடு பிறந்தது எதையும் அவசரப்பட்டுக் குறை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. அதன் திசையைத் தேட வேண்டும். வேலையில் விழுந்த கீறல் அப்படியல்ல. அதற்கு எந்தத் திசையும் கிடையாது, எந்த அழகும் கிடையாது. அதை எடுத்தே ஆக வேண்டும், அது விழுந்த படிக்கே இறங்கிப் போய் எடுக்க வேண்டும்.

இதை எழுதும்போது என் மனம் கல்லில் மட்டும் நிற்கவில்லை. மலையகத்தில் பிறந்தவனுக்கு அது இயலாது.

2023இல் நம் மக்கள் இந்த நாட்டுக்கு வந்த 200 ஆண்டு நினைவுகூரப்பட்டது. மேடைகள் போட்டார்கள், மாலைகள் விழுந்தன, தேயிலைக்காரியின் கூடை ஓவியமாகச் சுவரெங்கும் சிரித்தது. அந்த நாட்களின் ஒளியை நான் குறைத்துச் சொல்லவில்லை. பல தலைமுறை அறியாத மதிப்பு அது. ஆனால் ஈரம் காய்ந்த பிறகு பார்க்க வேண்டும் அல்லவா? 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் போட்ட கீறல் 80ஆம் எண்ணின் கீறல். ஒரு சமூகத்தின் பெரும்பகுதி ஒரே கையெழுத்தில் நாடற்றுப்போனது. 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து மனிதர்களைத் தொகையாகப் பிரித்துக்கொண்டார்கள். எஞ்சியிருந்தவர்களுக்கும் பிரஜாவுரிமை என்று சட்டம் வந்தது 2003இல். தாள் வந்தது. தாள் வந்த வீடு எது என்று பார்த்தால் இன்றைக்கும் எத்தனையோ குடும்பங்களுக்கு அது லயன் அறை. காலடி மண்ணுக்கு உறுதி கிடையாது. அந்தக் கீறலின் மேலேதான் நூறாண்டு, இருநூறாண்டு என்று பொடி தூவித் தேய்க்கிறோம். தேய்க்கத் தேய்க்கக் கீறல் தெளிவாகத் தெரிகிறது.

அந்த வருடம் நடந்தவற்றில் என் மனத்தில் ஆழமாக நிற்பது தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்த நடைபயணம். முன்னோர் கடல் கடந்து வந்து, காட்டுவழியே நடந்து, வழியில் செத்தவர் போக மிஞ்சியவர் வந்து சேர்ந்த பாதை அது. நடந்தவர்கள் முதல் காயம் விழுந்த இடத்துக்கே போய்த் தொடங்கினார்கள். கல் வெட்டுகிறவன் அந்த நடையைப் பார்த்தால் உடனே புரிந்துகொள்வான். மனிதர்கள் விஷயத்திலும் முன்னேற்றம் என்று நாம் சொல்வதில் பாதி, முன்பு நடந்த காயத்தை அதன் ஆழத்துக்கே போய் எடுப்பதுதான். அதைச் செய்யாமல் போடும் மெருகு யாருக்கும் உதவாது. ஒரு குடும்பத்தில் அண்ணன் தம்பிக்குள் இருபது வருடமாகப் பேச்சில்லை என்றால், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் எடுப்பதால் அது தீராது. எந்தச் சொல்லில் முறிந்ததோ அந்தச் சொல்லுக்கு யாராவது ஒருவர் திரும்பிப் போக வேண்டும். கசக்கும். ஆனாலும் இருக்கிற ஒரே வழி அதுதான்.

இதையெல்லாம் கல்லிடம்தான் கற்க வேண்டுமா என்று கேட்கலாம். வேறு இடத்திலும் கற்கலாம். கல்லிடம் கற்பதில் ஒரு வசதி, அது நம் முகம் பார்த்துப் பேசாது. மாணவனின் கட்டுரைக்கு ஆசிரியர் தயவு காட்டலாம், சமையலுக்கு வீட்டார் காட்டலாம். விளக்குக்கோடு யாருக்காகவும் நேராகாது. கையில் அடங்கும் ஒரு பொருளில், ஒரு மாதத்துக்குள், அவசரத்தின் விலையையும் பொறுமையின் பலனையும் இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேலை வேறொன்று நான் அறிந்தவரை அதிகம் இல்லை. கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் பழகிய கைகளுக்கு இந்த வேலை அந்நியமும் அல்ல. கடுவலையில் இரத்தினக்கல், ஆபரண ஆராய்ச்சிக்கும் பயிற்சிக்குமென்றே ஒரு நிறுவனம் இருக்கிறது. பொகவந்தலாவையும் இரத்தினபுரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது, நம் பிள்ளைகள் தமிழில் இந்தத் தொழிலைப் படிக்கும் வகுப்புகள் மலையகத்திலேயே பெருக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வெட்டாத கல்லை விற்கிறவனுக்கும் வெட்டிய கல்லை விற்கிறவனுக்கும் கிடைக்கும் விலை வேறு.

தொடங்க நினைப்பவருக்கு ஒரு எச்சரிக்கையைச் சொல்லாமல் முடிக்கக்கூடாது. குஜராத்தில் கம்பாத் என்ற பழைய துறைமுக நகரில் நெடுங்காலமாக அகேட் கற்களை வீடுகளிலேயே அரைத்து மெருகேற்றுகிறார்கள். அந்தத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் என்ற நோயாகிப் பலரைக் கொன்றிருக்கிறது. அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் அங்கே ஆய்வுகள் நடத்தியிருக்கிறது. அரைத்தவர்களோடு, அதே கூரையின் கீழும் பக்கத்து வீட்டிலும் இருந்து மூச்சுவிட்டவர்களுக்கும் நோய் வந்தது. படிந்த சிலிக்காவை எடுக்க மருந்து கிடையாது, பழுதான நுரையீரல் பழைய நிலைக்குத் திரும்புவதும் கிடையாது.

ஆகவே பளிங்கோ அகேட்டோ எதுவானாலும் உலர்ந்தபடி அரைக்காதீர்கள். சக்கரத்தில் எப்போதும் தண்ணீர் சொட்ட வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் பக்கத்தில் இருப்பதால் வீட்டில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று முதலில் பாருங்கள். தூசிக்கென்று செய்த முகமூடியைப் போடுங்கள், துணியைக் கட்டிக்கொண்டு சமாளிக்க வேண்டாம். அரைத்த சேற்றைக் காயவிட்டுக் கூட்டாதீர்கள், ஈரமாகவே வழித்து எடுத்துக் கொட்டுங்கள். சமையலறையிலும் பிள்ளைகள் படுக்கும் அறையிலும் இந்த வேலை வேண்டாம். இதற்கெல்லாம் ஏற்பாடு செய்துவிட்டு முதல் கல்லை எடுங்கள்.